ஹிஸ்டீரியாவும் கல்யாணமும்

போன செமஸ்டர்ல எங்க வகுப்புத் தோழி ஒருத்தி கை கால் இழுத்து மயங்கி விழுந்துட்டா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுறதுக்குள்ள, பக்கத்துல நின்ன பெரியவர் ஒருத்தர் தீர்ப்பே சொல்லிட்டார்: "இது ஹிஸ்டீரியாம்மா. ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சா சரியாயிடும்."

கோபம் கோபமா வந்துச்சு. அப்புறம் அந்த வார்த்தையோட பூர்வீகத்தைத் தேடினப்பதான் தெரிஞ்சுது, அது அவரோட சொந்தச் சரக்கு இல்லை. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழைய சரக்கு!

கிரேக்கத்துல 'ஹிஸ்டெரா'ன்னா கருப்பை. (கருப்பையை எடுக்கிற ஆபரேஷனான ஹிஸ்டெரெக்டமிக்கும் இதுதான் வேர்.) பெண்ணுக்கு மூச்சு முட்டினா, மயக்கம் வந்தா, கருப்பை இடம் மாறி மேலே வந்து அடைக்குதுன்னு அந்தக் கால வைத்தியர்கள் நம்பினாங்க. பிளேட்டோ தன்னோட 'டிமேயஸ்' நூல்ல, பிள்ளைக்கு ஏங்கி உடம்புக்குள்ள அலையுற ஒரு பிராணி மாதிரியே கருப்பையை வர்ணிக்கிறார். ஹிப்போகிராட்டஸ் பேரில் வழங்குற நூல்கள்ல, பிரமை பிடிச்சு நடுங்குற கன்னிப்பெண்களுக்குச் சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? சீக்கிரம் கல்யாணம்!

17ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ், கோளாறு கருப்பையில் இல்லை, மூளையில்னு சொன்னார். 19ஆம் நூற்றாண்டுல பாரிஸின் ஷார்கோ, ஆண்களுக்கும் இது வரும்னு காட்டினார். ஆணுக்கு ஏதுங்க கருப்பை? அப்பவும் பேர் மாறலை. 1980ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தோட நோய்ப் பட்டியல்லேர்ந்து அந்தப் பேரை எடுத்தாங்க.

"பேர்ல என்னப்பா இருக்கு? மலேரியான்னாகூட கெட்ட காத்துன்னுதான் அர்த்தம். கொசுதான் காரணம்னு தெரிஞ்ச பிறகும் அதே பேர்தானே?"ன்னு நண்பன் மடக்கினான். நியாயமான கேள்விதான். ஆனா அந்தப் பேர் காத்தைக் குத்தம் சொல்லுது, காத்துக்கு வலிக்காது. இந்தப் பேர் நோயாளியையே குத்தம் சொல்லுது. "நடிக்கிறா"ன்னு சொல்ல வசதியா இருக்கு. அதோட, காரணம் தேடுறதையும் நிறுத்திடுது. லண்டன்ல ஹிஸ்டீரியான்னு முத்திரை குத்தினவங்களைப் பல வருஷம் கழிச்சு விசாரிச்ச எலியட் ஸ்லேட்டர், அவங்கள்ல நிறைய பேருக்கு நிஜமாவே மூளை, நரம்பு நோய்கள் இருந்ததா 1965ல் எழுதினார்.

பரிசோதனையில எதுவும் தெரியாட்டியும், படுற அவஸ்தை பொய்யில்லை. அதுக்கும் இன்னிக்கு வேற பேரும் சிகிச்சையும் இருக்கு. அதனால இந்த வார்த்தையைச் சரித்திரப் புத்தகத்தோட விட்டுடலாம்ங்கிறது என் கட்சி.

தோழிக்கு வந்தது வலிப்பு நோய்னு டாக்டர் சொன்னார். மாத்திரை சாப்பிடுறா. இந்த செமஸ்டர் எல்லாப் பேப்பரும் எழுதிட்டா, கல்யாணம் பண்ணிக்காமலேயே.