பெயரின் உடைமை

தொழில்நுட்பம் நடுநிலையானது என்போர் ஜாவாவின் வரலாற்றை நோக்குவாராக. பெருநிறுவனச் சேவையகங்களுக்கான ஜாவாத் தராதரங்களை எக்லிப்ஸ் நிறுவகத்திடம் கையளிக்க 2017இல் ஒறக்கிள் நிறுவனம் முன்வந்தது. கொடுக்கப்பட்டது நிரல், பெயரன்று! வணிகக்குறி பற்றிய பேச்சு 2019இல் முறிந்தது. ‘ஜாவாஎக்ஸ்’ என்னும் முன்னொட்டுடைய பொதிகளை அப்பெயரிலேயே வளர்த்தெடுக்கும் உரிமை மறுக்கப்பட்டது. 2020இல் வெளிவந்த 9ஆம் பதிப்பில் அவை ‘ஜகார்த்தா’ ஆயின. (தீவின் பெயர் மறுக்கப்பட, அத்தீவின் நகரொன்று அடைக்கலமளித்தமை விந்தையே.)

விளைவு யாது? ரொம்கற் 9இல் இயங்கிய செயலி ரொம்கற் 10இல் அப்படியே இயங்காது. மாற்றுதற்குக் கருவிகள் உண்டெனச் சமாதானம் கூறுவர். ஆயின், மாற்றியதை மீளச் சோதிப்பவரும், கைவிடப்பட்ட பழைய நூலகங்களுக்குப் பதிலீடு தேடி அலைபவரும் சேவையக நிருவாகியன்றோ? அப்பதிப்பு ஏறத்தாழ இப்பெயர்மாற்றம் ஒன்றையே கொணர்ந்தது. அவருழைப்பால் செயலிக்குச் சேர்ந்த புதுப்பயன் எதுவுமில்லை.