பைத்தான் விளையாட்டு மொழியா?

பைத்தான் நிரல்மொழியைப் பற்றி, "மெதுவாக ஓடும், அது விளையாட்டு மொழி" என்கிறார்கள். மெதுவாக ஓடும் என்பது உண்மைதான். முடிவுதான் தவறு. கணக்கு கனக்கும் இடத்தில் பைத்தான் தனியாக நிற்பதில்லை. நம்பை (NumPy) என்ற நிரல் நூலகத்தை அழைத்தால், லட்சக்கணக்கான எண்களைக் கூட்டும் வேலையை உள்ளே சி மொழியில் எழுதிய நிரல் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடுகிறது. 2019-ல் வெளியான முதல் கருந்துளைப் படத்தை உருவாக்கிய நிரல்களிலும் பைத்தானுக்குப் பங்குண்டு. அது விளையாட்டா?

புதிதாகக் கற்பவருக்கும் பைத்தான் கைகொடுக்கிறது. 2008-ல் வந்த பைத்தான் 3 பதிப்பில் 'விலை = 40' என்று மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். முதன்முதலாக நிரல் எழுத உட்காரும் பிள்ளைக்கு அந்த ஒரு வரி எவ்வளவு தெம்பு தரும்! வேகம் போதாவிட்டால் பிறகு வேறு மொழிக்குப் போகட்டும். கற்க வந்தவரை வாசலிலேயே விரட்டாதீர்கள்.