இல்லற மேடை: கடற்கரையா, ஏரிக்கரையா?



தேர்வுகள் முடிந்துவிட்டன. புத்தகப் பைகள் பரண்மேல் ஏறிவிட்டன. ‘இந்த விடுமுறைக்கு எங்கே போகிறோம்?’ என்னும் கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்து நிற்கின்ற வேளை இது. சென்ற ஆண்டு இதே பருவத்தில் உள்நாட்டு ஊர் ஒன்றிலிருந்து வாசகச் சகோதரி ஒருவர் எனக்கு ஒரு மடல் எழுதியிருந்தார். அவருடைய இசைவு பெற்று, பெயரை மட்டும் தவிர்த்து, அம்மடலையே இம்மாதம் பேசுபொருளாக எடுத்துக்கொள்கிறேன்.

“எங்களுக்குப் பதினொரு வயதில் ஒரு மகனும் ஏழு வயதில் ஒரு மகளும் உள்ளனர். கடலோரத்தில் கூடாரம் அடித்து இரண்டு இரவுகள் தங்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. அவர்கள் தந்தையும் அதற்கு இசைந்துவிட்டார். ஆனால் எழுபத்து நான்கு வயதான என் மாமியார் நாகைக் கரையில் பிறந்தவர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் தம் தங்கையைக் கடலுக்குப் பறிகொடுத்தவர். அன்று முதல் கடலை அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. ‘நான் வரவில்லை, பிள்ளைகளையும் கொண்டுபோகாதீர்கள்’ என்கிறார். மலைமேல் ஏதேனும் ஓர் ஏரிக்கரைக்குப் போய்விடலாமா என்று எண்ணுகிறேன். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?”

இம்மடலைப் படித்தபோது என் நினைவு பல்லாண்டுகள் பின்னோக்கி ஓடியது.

அலை அடிக்காத இடம்

தென்பாண்டிக் கடற்கரை ஊர் ஒன்றுக்கு நாங்கள் குடும்பத்தோடு சென்றிருந்த கோடை அது. குழந்தைகளை நீரில் இறக்குவதற்கு நானே இடம் தேர்ந்தேன். இருபுறமும் அலைகள் நுரைத்து உடைந்துகொண்டிருந்தன. நடுவில் மட்டும் ஓரிடம் அமைதியாக, சற்றுக் கருநிறமாகத் தோன்றியது. ‘இதுவே பாதுகாப்பான இடம்’ என்று முடிவு செய்தேன். ஒன்பது வயதான என் தம்பி மகன் இடுப்பளவு நீரில் இறங்கினான். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் தலை முப்பது அடிக்கு அப்பால் தெரிந்தது. கரையில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவர், காற்றடைத்த ரப்பர்க் குழாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து சென்று பிள்ளையை மீட்டு வந்தார்.

“அலை அடிக்காத இடத்தைப் பார்த்தா இறக்கிவிட்டீர்கள், அண்ணாச்சி? அங்கேதானே கடல் உள்ளே இழுக்கும்!” என்றார் அவர். அன்று என் தம்பி மனைவியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அப்பெரியவர் சொன்னது முற்றிலும் உண்மை. அலைகள் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும் நீர் எவ்வழியாயினும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணல்திட்டுகளின் இடையே ஆழமான ஒரு பள்ளம் இருக்குமாயின் அந்நீர் முழுவதும் அவ்வழியே ஆறுபோல் உள்நோக்கி ஓடுகிறது. பள்ளம் ஆழமாக இருப்பதால் அங்கே அலை உடைவதில்லை. ஆகவே அது அமைதியாகத் தோன்றி நம்மை ஏமாற்றுகிறது. இவ்விழுப்பு நொடிக்கு 2 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தை எட்டுவது உண்டு. தேர்ந்த நீச்சல் வீரரும் அதனை எதிர்த்து நீந்தி வெல்ல இயலாது.

அகப்பட்டவர் செய்ய வேண்டியது ஒன்றே. கரையை நோக்கிப் போராடாமல், மிதந்தவாறே கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்த வல்லவராயின் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பினின்று விலகிய பின்னரே கரையை நோக்கித் திரும்ப வேண்டும். பார்த்திருப்பவரும் வெறுங்கையோடு பின்னால் குதித்தலாகாது. காப்பாற்றப் போனவரே உயிரிழந்த துயரங்கள் பல. கயிறோ, காற்றடைத்த குழாயோ, மூடியிட்ட வெற்றுத் தகரமோ எறிவதே முறை.

காற்றில்லாத நாளிலும் கடல் பொங்கும்

2024ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டத்துக் கணபதிபுரம் அருகே கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையால் இழுக்கப்பட்டு உயிரிழந்தனர். ஊரில் புயல் இல்லை, மழையும் இல்லை. தெற்கே நெடுந்தொலைவில் இந்தியப் பெருங்கடலில் எழும் புயற்காற்று உண்டாக்கும் நீண்ட அலைகள், சில நாள்கள் பயணம் செய்து, நம் கரையில் திடீரென உயர்ந்து அடிக்கின்றன. சொல்லாமல் வருவதால் மீனவ மக்கள் அதற்குக் ‘கள்ளக்கடல்’ என்று பெயரிட்டனர். ஏப்ரல், மே மாதங்களில், அதாவது நம் விடுமுறைக் காலத்திலேயே, அது மிகுதியாக வருகிறது என்பதைப் பெற்றோர் மனத்திற்கொள்ள வேண்டும். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அதற்கு முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அன்றும் அறிவிப்பு வெளியாகியே இருந்தது. புறப்படும் நாளிலும், தங்கும் ஒவ்வொரு காலையிலும், அவ்வறிவிப்பைக் கேட்டறிவது பிள்ளைகளுக்கு உணவு கட்டிக் கொடுப்பதைப் போன்றே பெற்றோர் கடமையாகும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குக் கரையில் கூடாரம் என்னும் பேச்சே வேண்டா. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவில் தனுஷ்கோடியைப் புயல் அழித்ததும், பயணிகளோடு வந்த ரயில் வண்டியைக் கடல் கொண்டதும் அப்பருவத்தில்தான்.

மாமியாரின் அச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது மூடநம்பிக்கை அன்று. 2004இல் சுமத்ராவின் அருகே நிலம் நடுங்கியபின் நம் கரையைப் பேரலை வந்தடைய இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. அவ்வளவு நேரம் இருந்தும் எச்சரிப்பார் ஒருவரும் இல்லை. இன்று நிலைமை வேறு. 2007 முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்கி வருகிறது. எனினும், நாமும் அறிந்திருக்க வேண்டிய அடையாளம் ஒன்றுண்டு. கடல் வழக்கத்திற்கு மாறாகத் திடீரென உள்வாங்கினால், தரையில் துள்ளும் மீனை வேடிக்கை பார்க்காமல் மேட்டை நோக்கி ஓட வேண்டும். 2004இல் தாய்லாந்தின் பூக்கெட் தீவில் பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி, இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் கற்றதை நினைவிற்கொண்டு பெற்றோரிடம் கூறியதால் அக்கடற்கரையில் இருந்தோர் உயிர் பிழைத்தனர்.

ஏரி மட்டும் அமைதியானதா?

‘கடல் வேண்டா, ஏரிக்குப் போவோம்’ என்போர் ஏரிநீர் சலனமற்றது என்று எண்ணுகின்றனர். கொடைக்கானல் ஏரி இயற்கையாக அமைந்ததன்று. 1863ஆம் ஆண்டில் மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்சு என்பவர் அமைத்தது. அதைச் சுற்றி வர ஏறத்தாழ 5 கிலோமீட்டர். நடப்பதற்கும் படகில் செல்வதற்கும் மிக இனியது. ஆனால் நீராடுவதற்கு உரியதன்று. பொதுவாகவே ஏரிகளிலும் கண்மாய்களிலும் சேறு காலைப் பற்றும். மண் அள்ளிய குழிகள் கண்ணுக்குத் தெரியா. கடல்நீரைவிட நன்னீர் உடலைக் குறைவாகவே தாங்குகிறது என்பதையும் மறத்தலாகாது. படகில் ஏறும்போது குழந்தை, பெரியவர் அனைவரும் மிதவைச் சட்டை அணிய வேண்டும். ‘ஐந்து நிமிடப் பயணம்தானே’ என்பது விடையாகாது.

மலையின் உயரமும் ஒரு செய்தியே. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். இரைப்பு நோயோ இதய நோயோ உடைய முதியவரை அழைத்துச் செல்லுமுன் மருத்துவரைக் கேட்பது நலம். சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் பாதையிலேயே இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் செல்வோர் இணையவழி அனுமதிச் சீட்டுப் பெறும் முறை, சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே மாதம் வந்தது. புறப்படுமுன் அப்போதைய விதியைக் கேட்டறிக.

மலைக்காட்டின் ஓரத்தில் கூடாரத்தில் உறங்குவது பற்றியும் ஒரு சொல். 2021 சனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே கூடாரத்தில் தங்கியிருந்த ஆசிரியை ஒருவர் காட்டு யானையால் மாண்டார். துணிச்சுவர் விலங்கைத் தடுக்காது. அரசின் அனுமதியும், வேலியும், இரவுக் காவலும் இல்லாத இடத்தில், வாடகை எவ்வளவு குறைவாயினும் தங்கக்கூடாது.

இடம் தேரும் முறை

ஆகவே, கடலா ஏரியா என்பதைவிட, எந்தக் கடற்கரை, எந்த ஏரிக்கரை என்பதே கேட்க வேண்டிய கேள்வி. என் வீட்டில் நாங்கள் பின்பற்றும் சில நெறிகளைக் கூறுகிறேன்.

மணலில் காய்ந்த பாசியும் குப்பையும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோட்டைப் பாருங்கள். அதுவே முந்திய கடலேற்றம் தொட்ட எல்லை. கூடாரம் அதற்கு வெகு தொலைவில், மேட்டில் அமைய வேண்டும். ஆற்று முகத்துவாரமும் வறண்ட ஓடைப் படுகையும் ஆகா. காய்த்த தென்னையின் அடியும் ஆகாது. அங்கிருந்து மேட்டு நிலத்திற்குச் செல்லும் வழியைப் பகலிலேயே பிள்ளைகளோடு ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

கதவும் விளக்கும் உள்ள கழிப்பறை உண்டா? குடிநீர் எங்கிருந்து வருகிறது? மருத்துவமனை எவ்வளவு தொலைவு? நீரோரத்தில் உயிர்காக்கும் காவலர் உள்ளனரா? இந்நான்கையும் முன்பணம் கட்டுமுன் கேட்க வேண்டும். ‘நீலக்கொடி’ என்னும் பன்னாட்டுச் சான்று இத்தகைய தூய்மை, பாதுகாப்பு நெறிகளைப் பார்த்தே வழங்கப்படுகிறது. சென்னையை அடுத்த கோவளம் 2021இல் அதைப் பெற்றது.

மீனவர் ஊர் நமக்குப் பொழுதுபோக்கும் இடம். அவர்களுக்கோ அது தொழிற்களம். படகில் ஏறுவதும், வலையை மிதிப்பதும், மீன் உலர்த்தும் மணலில் கூடாரம் அடிப்பதும் தகா. ஊர்ப் பெரியவரிடம் இசைவு கேட்டுத் தங்குவதே பண்பு. அவரே எங்கே இறங்கலாம், எங்கே இறங்கலாகாது என்பதையும் சொல்லிவிடுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது மீன் விலை ஏறியிருந்தால் விற்கும் அம்மையிடம் சினம் கொள்ளாதீர்கள். அவர் வீட்டில் வருவாய் குறைந்திருக்கும் காலம் அது.

சனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும். பொரித்த குஞ்சுகள் ஒளியை நோக்கியே நகர்வதால், கூடாரத்தில் பெருவிளக்கு எரித்தால் கடலை விட்டு வழி தவறிவிடும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். விளக்கை முதலில் அணைப்பவர்கள் அவர்களாகவே இருப்பார்கள்.

இறுதியாக ஒன்று, கணவன்மார்களின் கவனத்திற்கு. வீட்டு அடுப்பை விட்டு மணல்மேல் அடுப்பு மூட்டி நாள் முழுவதும் வியர்ப்பது குடும்பத் தலைவிக்கு விடுமுறை ஆகாது. சமையலையும் பாத்திரம் கழுவுவதையும் அனைவரும் பங்கிட்டுக்கொள்ள இயலாவிட்டால், கூடாரத்தை மறந்து நல்ல விடுதி அறை ஒன்றை எடுங்கள்.

நான் எழுதிய மறுமொழி

இவற்றையெல்லாம் அச்சகோதரிக்கு எழுதிவிட்டு, மேலும் இரண்டு யோசனைகள் கூறினேன். கூடார ஆசைக்கு, முதலில் மொட்டை மாடியில் ஓர் இரவு கூடாரம் கட்டிப் பாருங்கள். கொசுவும் பனியும் கற்பிப்பதை வேறெவரும் கற்பியார். இரண்டாவது, இடத்தை உங்கள் மாமியாரே தேரட்டும். உங்கள் வீட்டில் கடலை அறிந்தவர் அவர் ஒருவரே. அவரை விட்டுவிட்டுச் செல்லாதீர்கள். வற்புறுத்தி இழுத்துச் செல்லவும் செய்யாதீர்கள். ‘அத்தை, எங்கே தங்கினால் உங்களுக்கு உறக்கம் வரும்?’ என்று கேளுங்கள்.

ஜூன் மாதத்தில் அவருடைய இரண்டாம் மடல் வந்தது. அதிலிருந்து சில வரிகள்:

“மூன்று நாள் ஒன்றும் பேசவில்லை. நான்காம் நாள் அவராகவே, ‘கடலுக்கே போவோம், ஆனால் மாடி வீட்டில்தான் தங்க வேண்டும்’ என்றார். முதல் நாள் மாலை சாலையோரத்திலேயே நின்றுவிட்டார். நாங்கள் ஒருவரும் அழைக்கவில்லை. மறுநாள் விடியலில் என் மகளின் கையைப் பற்றிக்கொண்டு கணுக்கால் நீர்வரை நடந்தார். தம் தங்கையின் பெயரைச் சொல்லி அழுதார். மகள் அஞ்சிப்போய், ‘அப்பாயி, போய்விடலாமா?’ என்று கேட்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளைக் கடலை நோக்கித் திருப்பி நிறுத்தி, ‘கடலுக்கு முதுகு காட்டி நிற்காதே, கண்ணு. வருகிற அலையைப் பார்த்துக்கொண்டே நில்’ என்றார். பிள்ளைகள் இருவரும் அவர் சொன்ன எல்லையை ஓரடியும் தாண்டவில்லை.”

இவ்வாண்டு எங்கே செல்வது என்று அவர்கள் வீட்டில் இப்போது பேச்சு நடக்கிறதாம். இடம் தேரும் பொறுப்பு அப்பாயியிடமே இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்பேச்சு எழும்போது முதலில் முதியவரைக் கேளுங்கள். பிறகு பயணச்சீட்டு எடுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.