உறங்காத நகரமும் உறங்க வேண்டிய மனிதரும்

தைப்பூசத்தையொட்டிக் கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து இரவில் புறப்படும் வெள்ளி இரதத்துடன், பல்லாயிரம் பக்தர்கள் விடிய விடியப் பத்துமலை நோக்கி நடக்கின்றனர். 2024-இல் அவர்களுக்காகக் கொமுட்டர் இரயில்களும் இரவு பகலாக ஓடின. ஆண்டிற்கொருமுறை வரும் அக்கண்விழிப்பு அவர்களுக்கு விரதம். பூசம் முடிந்ததும் உறக்கம் உண்டு.

ஆனால், 24 மணி நேர உணவகங்களில் இரவுப் பணி புரிவோர்க்கு ஆண்டு முழுவதும் கண்விழிப்பே. அவ்வுணவகங்களின் முழுநேர வியாபாரத்தை நிறுத்துமாறு பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் 2024-இல் கோரியது. உண்பவரின் உடல்நலமே அதற்குக் காட்டப்பட்ட காரணம். பரிமாறுபவரின் நலனும் அதற்கிணையாக எண்ணத்தக்கதே. உறக்க ஒழுங்கைக் குலைக்கும் இரவு நேரப் பணி புற்றுநோய்க்குக் காரணமாகும் வாய்ப்புடையதென, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-இலேயே வகைப்படுத்தியது.

மலேசிய வேலைச் சட்டம் 2023 முதல் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது வரவேற்கத்தக்கது. எனினும், அவ்வரம்பு பகலையும் இரவையும் ஒன்றாகவே எண்ணுகிறது. இரவுப் பணிக்குக் குறைந்த நேரமும் கூடுதல் ஊதியமும் வகுக்கப்படுதல் வேண்டும். பத்துமலையிலிருந்து திரும்புவோர் நள்ளிரவில் தேநீர் அருந்துகையில், அதனை ஆற்றித் தரும் கரங்களுக்கும் ஓய்வு தேவை என்பதை மறத்தலாகாது.