கடலிலே ராஜா, கரையிலே கூஜாவா?

பாரிமுனையில் பஸ்சை விட்டு இறங்கி, லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு பக்கம் நடந்து பாருங்கள். கக்கத்தில் பைலோடு சிலர் மாடிப்படி ஏறி இறங்குவார்கள். கப்பல் ஏறத் துடிக்கும் பையன்கள் ஒரு பக்கம். "போதும் சாமி! கரையிலேயே ஒரு வேலை கிடைச்சா சரி" என்று வருகிறவர்கள் இன்னொரு பக்கம்.

ஏன் இறங்குகிறார்கள்? அதிகாரிகளுக்கு 4 முதல் 6 மாதம், சிப்பந்திகளுக்கு 9 மாதம் வரை கடல்வாசம். திரும்பி வந்தால் குழந்தைக்கு அப்பாவைத் தெரியவில்லை. அம்மாவின் கடைசி நேரத்திலும் வர முடியவில்லை.

சம்பளக் கணக்கு

கரைச் சம்பளத்தைக் கேட்டதும் பலருக்குத் தலை சுற்றுகிறது. இங்கேதான் கணக்கு தப்புகிறது. பெரும்பாலும் கப்பலில் இருக்கிற மாதத்துக்குத்தான் சம்பளம். மாதம் 80 ஆயிரம் வீதம் 9 மாதம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 7 லட்சத்து 20 ஆயிரம். 12-ஆல் வகுத்தால் மாதம் 60 ஆயிரம்தான்! ஆனால் ஒன்று: கப்பலில் சாப்பாடும் படுக்கையும் இலவசம். கரையில் வாடகை, பஸ், பால், பள்ளிக்கூடம் எல்லாம் நம் தலையில்.

யாருக்குக் கதவு திறக்கும்?

கேப்டனுக்கும் சீப் என்ஜினீயருக்கும் வழி உண்டு. துறைமுக பைலட், சர்வேயர், கப்பல் கம்பெனி சூப்பிரண்டு, பயிற்சிக் கல்லூரி ஆசிரியர் என்று போகலாம்.

திண்டாடுவது சிப்பந்திதான். பதினைந்து வருஷம் என்ஜின் ரூமில் வெந்தவரிடம், "ஐ.டி.ஐ. படிச்சிருக்கியா?" என்று கேட்கிறார்கள். கடல் அனுபவத்துக்குக் கரையில் மதிப்பெண் இல்லை. பிட்டருக்கு ஒர்க்‌ஷாப்பும், சமையல்காரருக்கு ஓட்டலும் உண்டு. மற்றவர்கள் பாடு? காசிமேட்டுப் படகுப் பட்டறையோ, வாட்ச்மேன் வேலையோதான்!

5 வருஷக் கெடு

அதிகாரிகளுக்கு இன்னொரு சிக்கல். சர்வதேச விதிப்படி அவர்களது தகுதிச் சான்றிதழை 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு அந்த 5 வருஷத்தில் 12 மாதமோ, கடைசி 6 மாதத்தில் 3 மாதமோ கடலில் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்குச் சமமான கரைப்பணியைக் காட்ட வேண்டும். அல்லது பயிற்சி, தேர்வு என்று மறுபடி ஓட வேண்டும். "பிடிக்கலேன்னா திரும்பிப் போயிடலாம்" என்று அசட்டையாக இருந்தால் கெடு ஓடிவிடும்.

என்ன செய்யலாம்?

இறங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பே தயாராக வேண்டும். லீவில் வரும்போது கரையில் செல்லுபடியாகும் ஒரு படிப்பை முடிக்க வேண்டும். சம்பளம் இல்லாத ஒரு வருஷத்தைத் தாங்கும் பணம் கையில் வேண்டும். "முன்பணம் கொடு, ஹார்பர்ல வேலை வாங்கித் தர்றேன்" என்பவனை வாசலோடு அனுப்ப வேண்டும்.

அரசுக்கும் பங்கு உண்டு. என்ஜின் ரூம் அனுபவத்தைத் தொழிற்சாலைகள் ஏற்கும்படி சோதித்துச் சான்று கொடுத்தால் ஆயிரம் குடும்பம் பிழைக்கும். நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டு வந்தவர்கள் இவர்கள். கரையேறியதும் கை கழுவலாமா?