கஞ்சா செடி: எண்ண வேண்டியது தண்டையா, பூவையா?

முருங்கைப் போத்தை வெட்டி நட்டால் மரமாகிறது. செம்பருத்திக் குச்சியை ஒடித்து ஊன்றினால் துளிர்க்கிறது. கரும்புக்குக் கரணை, மல்லிகைக்குப் பதியம். விதையே இல்லாமல் ஒரு செடியில் இருந்து இன்னொரு செடியை உண்டாக்குவது தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்திலும் தெரிந்த வேலை.

கஞ்சா செடியும் இதற்கு விலக்கு இல்லை. வீட்டில் வளர்க்க அனுமதி உள்ள நாடுகளில், ஒரு செடியின் கிளையை வெட்டி வேர் பிடிக்க வைத்து அடுத்த செடியை உருவாக்குவது சாதாரணமாக நடக்கிறது. ‘கட்டிங்’ அல்லது ‘க்ளோன்’ என்பார்கள். இந்தியாவில் அதே வேலைக்கு 10 ஆண்டு வரை சிறை. அனுமதி தந்த நாடுகளிலும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. நல்ல உதாரணம் ஜெர்மனி. ஒரு துண்டுத் தண்டு எப்போது ‘செடி’ ஆகிறது என்ற கேள்வியில் அங்கே சட்டம் தடுமாறுகிறது.

ஜெர்மனி சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஏப்ரல் 1-ம் தேதி அமலுக்கு வந்த சட்டப்படி, 18 வயது நிரம்பிய ஒருவர் சொந்தப் பயன்பாட்டுக்கு வீட்டில் ஒரே நேரத்தில் மூன்று கஞ்சா செடிகள் வரை வளர்க்கலாம். ஜெர்மன் குடியுரிமை தேவையில்லை, ஆறு மாதமாவது அங்கே வசித்திருந்தால் போதும். பெர்லினிலோ மியூனிக்கிலோ வேலை பார்க்கும் தமிழ் ஐடி ஊழியருக்கும் இந்த விதி பொருந்தும்.

வெளியே 25 கிராம் வரை கையில் வைத்திருக்கலாம். வீட்டில் உலர்ந்த கஞ்சா 50 கிராம் வரை வைத்துக்கொள்ளலாம். விற்கக் கூடாது. வீட்டில் விளைந்ததை நண்பருக்கு இலவசமாகக்கூடத் தரக் கூடாது. குழந்தைகள் கையில் சிக்காமல் பாதுகாக்க வேண்டும்.

விதையையும் கட்டிங்கையும் இந்தச் சட்டம் தனியாகப் பார்க்கிறது. அவை ‘இனப்பெருக்கப் பொருள்’. உரிமம் பெற்ற வளர்ப்போர் சங்கங்கள், உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் மாதம் ஏழு விதை அல்லது ஐந்து கட்டிங் வரை தரலாம். கட்டிங் என்றால் என்ன? வளர்ப்பதற்காக வைத்திருக்கும், பூங்கொத்தோ காய்க்கொத்தோ இல்லாத இளஞ்செடி அல்லது தண்டுப் பகுதி. இதுதான் வரையறை. இத்தனை சென்டிமீட்டர், இத்தனை நாள் என்ற கணக்கெல்லாம் அதில் கிடையாது.

விதை இருக்கும்போது கட்டிங் எதுக்கு?

பப்பாளி வளர்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். விதை போட்டு, தண்ணி ஊத்தி, மாதக்கணக்கில் காத்திருந்தால் கடைசியில் அது ஆண் மரமாக நிற்கும். கஞ்சாவிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. போதை தரும் டிஎச்சி என்ற வேதிப்பொருள் அதிகம் இருப்பது பெண் செடியின் பூக்களில். பக்கத்தில் ஒரே ஒரு ஆண் செடி பூத்தாலும் மகரந்தம் பரவி, பெண் பூக்கள் விதை பிடித்துத் தரம் குறைந்துவிடும்.

பெண் செடி மட்டுமே முளைக்கும்படி தயாரித்த விதைகள் கடைகளில் கிடைக்கின்றன. ஆனாலும் ஒரே பாக்கெட்டில் இருக்கும் இரண்டு விதைகள், ஒரே வீட்டு அண்ணன் தம்பி போலத்தான். சாயல் இருக்கும், அச்சு அசலாக இருக்காது. கட்டிங் அப்படியில்லை. தாய்ச்செடியின் மரபணு அப்படியே வரும். தாய் பெண் என்றால் அதுவும் பெண். தாயின் பூ எவ்வளவு வீரியம் என்று தெரிந்தால், அதே சூழலில் வளரும் கட்டிங்கின் பூவும் ஏறக்குறைய அதே வீரியத்தில் இருக்கும்.

வலிக்காகவோ வேறு மருத்துவக் காரணத்துக்காகவோ பயன்படுத்துபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒவ்வொரு அறுவடையிலும் வீரியம் ஏறி இறங்கினால், எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதே குத்துமதிப்பாகிவிடும்.

வேர் எப்படி வருது?

தண்டை வெட்டியதும், இலையிலும் நுனியிலும் உருவாகி கீழே இறங்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் வெட்டுப்பட்ட இடத்தில் தேங்குகிறது. அங்கே உள்ள செல்கள் தண்டு வேலையை விட்டு வேர் வேலைக்கு மாறுகின்றன. நர்சரிகளில் பயன்படுத்தும் வேர்த்தூள் இந்த ஹார்மோனின் செயற்கை வடிவம். வேர் வரும் வரை போதுமான தண்ணீர் உறிஞ்ச வழியில்லை என்பதால், இலை வாடாமல் இருக்க காற்றில் ஈரப்பதம் தேவை. ஒன்று முதல் இரண்டு வாரத்தில் வேர் எட்டிப்பார்க்கும். ரோஜாவுக்கும் இதே கதைதான்.

கஞ்சாவுக்குக் கூடுதலாக ஒரு குணம் உண்டு. பெரும்பாலான ரகங்கள் இரவின் நீளத்தைப் பார்த்தே பூக்கும். நாளுக்கு 18 மணி நேரம் வெளிச்சம் கொடுத்தால் இலையும் கிளையுமாக வளர்ந்துகொண்டே இருக்கும். இருட்டு 12 மணி நேரமாக நீளும்போதுதான் பூக்கத் தொடங்கும். அதனால் ஒரு செடியைப் பூக்கவே விடாமல் மாதக்கணக்கில் வைத்திருந்து, அதிலிருந்து கட்டிங் எடுக்க முடியும். அதற்குப் பெயர் தாய்ச்செடி.

இதுல என்ன சிக்கல்?

தாய்ச்செடி பூக்காது. பயன்படுத்தத் தக்க ஒரு கிராம்கூடத் தராது. ஆனால் நன்றாக வளர்ந்து நிற்கும் அது ‘இளஞ்செடி’ இல்லை. அதனால் மூன்று செடி என்ற கணக்கில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மிச்சம் இரண்டு. கட்டிங் எடுக்கும்போது எல்லாமே வேர் பிடிக்காது என்பதால் யாரும் ஒன்றிரண்டு கூடுதலாகவே எடுப்பார்கள். ஐந்தும் பிழைத்துக்கொண்டால்? இரண்டு வாரம் வரை அவை கட்டிங். தொட்டிக்கு மாற்றி, மாதம் கடந்து, முழங்கால் உயரம் வந்தபின்? பூ இல்லை என்றாலும் அவற்றை இளஞ்செடி என்று எவ்வளவு நாள் சொல்ல முடியும்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் தண்டனை இருக்கிறது. வீட்டில் 50 கிராமுக்குப் பதில் 60 கிராம் வரை இருந்தால் அது அபராதத்தோடு முடியும் விதிமீறல். ஆனால் மூன்றுக்கு மேல் வளர்த்தால் நேராகக் கிரிமினல் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அபராதம். பத்து கிராம் கூடுதல் பூவை மன்னிக்கும் சட்டம், பூவே இல்லாத ஒரு கூடுதல் செடியை மன்னிக்க மறுக்கிறது. எது போதை தருகிறதோ அதற்குச் சலுகை, எது தரவில்லையோ அதற்கு வழக்கு. கணக்கு தலைகீழாக இருக்கிறது.

சுத்தமாக வளர்ப்பவருக்கே நஷ்டம்

கட்டிங் முறையில் நிஜமான ஆபத்து ஒன்று உண்டு. தாயின் நல்ல குணத்தோடு நோயும் சேர்ந்தே வரும். ‘ஹாப் லேட்டன்ட் வைராய்டு’ என்ற நோய்க்கிருமி, வைரஸைவிடச் சிறியது, புரத உறைகூட இல்லாத ஒரு மரபணு வளையம். வட அமெரிக்கக் கஞ்சா பண்ணைகளில் இது பெரிய தலைவலி. செடி குட்டையாகும், பூ சிறுக்கும், டிஎச்சி குறையும். சில செடிகளில் அறிகுறியே தெரியாது. அந்தச் செடியில் இருந்து எடுக்கும் கட்டிங்கிலும், அதை வெட்டிய கத்திரிக்கோல் அடுத்துத் தொடும் செடியிலும் பரவும்.

இதைத் தடுக்கும் வழி எல்லா நர்சரிக்காரருக்கும் தெரிந்ததுதான்: புதிதாக வந்ததைத் தனியே வைத்துப் பார்க்க வேண்டும், ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும், சந்தேகம் வந்தால் மாற்றுச் செடி கையில் இருக்க வேண்டும். மூன்று என்ற எண்ணுக்குள் இதற்கெல்லாம் இடம் எங்கே? கவனமாக வளர்ப்பவர் விதிமீறலின் விளிம்பில் நிற்கிறார். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத கட்டிங்கைக் கைமாற்றில் வாங்கி நடுபவருக்கு அந்தக் கவலை இல்லை.

எண்ணிக்கை எளிது, அதுதானே முக்கியம்?

காவல் துறைத் தரப்பில் வைக்கப்படும் வாதத்தில் நியாயம் உண்டு. மூன்று என்றால் யாரும் எண்ணிவிடலாம். தராசு வேண்டாம், ஆய்வகம் வேண்டாம். பூக்காத செடிகளை விட்டுவிட்டால், இன்று பூக்காத பத்துச் செடி இரண்டு மூன்று மாதத்தில் பூத்து, வீடு தோட்டமாகிவிடாதா?

ஆகலாம். அதற்கும் ஒரு வரம்பு வைத்தால் தீர்ந்தது. இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2012 வாக்கெடுப்பிலேயே இதற்கு வழி கண்டது: ஒருவருக்கு ஆறு செடி, அதில் பூத்தவை மூன்றுக்கு மேல் கூடாது. நியூயார்க் மாநிலத்தில் ஒருவருக்கு முதிர்ந்தவை மூன்று, இளையவை மூன்று. பூ இருக்கிறதா இல்லையா என்பது கண்ணால் பார்த்தாலே தெரியும். போலீஸ்காரருக்கும் எளிது, வளர்ப்பவருக்கும் எளிது. ஜெர்மனி தன் வரையறையில் ‘பூங்கொத்து’ என்ற சொல்லைச் சரியாகவே பயன்படுத்தியிருக்கிறது. அதே சொல்லைச் செடிகளின் எண்ணிக்கை வரம்புக்கும் நீட்டித்தால் போதும்.

இந்தியாவில் என்ன நிலை?

என்டிபிஎஸ் எனப்படும் 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்திலும் இதே முரண்பாடு இருக்கிறது, இன்னும் கூர்மையாக. கஞ்சா என்றால் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதி என்கிறது சட்டம். நுனி இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் சேராது. வட மாநிலங்களில் பாங் விற்க முடிவதற்குக் காரணம் இந்த விலக்குதான். அதாவது, பூவுக்கும் இலைக்கும் உள்ள வித்தியாசம் சட்டத்தை எழுதியவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் ‘கஞ்சா செடி’ என்று வரும்போது அந்த வித்தியாசம் காணாமல் போகிறது. அந்தப் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும் கஞ்சா செடிதான். ஆண், பெண், பூத்தது, பூக்காதது எல்லாம் ஒன்று. உரிமம் இல்லாமல் வளர்த்தால் பிரிவு 20-ன் கீழ் 10 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு கிலோ வரை கஞ்சா வைத்திருந்தால் அது ‘சிறிய அளவு’. அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அரை கிலோ பூவோடு பிடிபட்டவரைவிட, டம்ளரில் ஒரு குச்சிக்கு வேர் வரவழைத்தவர் அதிகபட்சமாகப் பத்து மடங்கு சிறைத் தண்டனையை எதிர்கொள்ளலாம்.

தானாக முளைத்த செடிக்கு ஒருவரைப் பொறுப்பாக்க முடியாது, அவர்தான் பயிரிட்டார் என்று நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. விதை என்றால் அந்த வாதம் எடுபடலாம். கட்டிங்குக்கு அது உதவாது. யாரும் வெட்டாமல், யாரும் நடாமல் எந்தக் குச்சியும் தொட்டிக்குள் போய் நிற்காது. ஜெர்மனியில் பழகிய பழக்கத்தை விடுமுறைக்கு வரும்போது ஊர் மொட்டை மாடியில் தொடர நினைப்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. அங்கே வாங்கிய அனுமதி இங்கே செல்லாது.

என்ன மாற வேண்டும்?

வீட்டில் கஞ்சா வளர்க்கலாமா கூடாதா என்பது ஒவ்வொரு நாடும் தனியாக முடிவு செய்ய வேண்டிய கேள்வி. இளவயதில் தொடங்கும் பழக்கம், மனநல பாதிப்பு, வாகன விபத்து என்று தயங்குவதற்கான காரணங்கள் நிறைய உண்டு. ஆனால் எந்த முடிவை எடுத்தாலும், தண்டனையின் அளவு தீங்கின் அளவோடு பொருந்த வேண்டும். தீங்கு இருப்பது பூவில்.

அனுமதித்த நாடுகள் பூத்த செடிக்கு ஒரு வரம்பு, பூக்காததற்குச் சற்றுத் தாராளமான இன்னொரு வரம்பு என்று பிரிக்கலாம். சோதித்த, நோயற்ற கட்டிங் கிடைக்கும் இடங்களைப் பெருக்கலாம். இந்தியா தடையைத் தொடர்வதாக இருந்தாலும், கஞ்சாவுக்குச் சிறிய அளவு, வணிக அளவு என்று பிரித்ததைப் போல, வளர்ப்பதிலும் ஒரு தொட்டியையும் ஒரு ஏக்கரையும் பிரித்துப் பார்க்கலாம். இப்போதைய பிரிவு 20-ல் இரண்டுக்கும் உச்சத் தண்டனை ஒன்றே.