பொங்கல் அடுப்புக்கு எந்தத் தடுப்பு?

பள்ளித் திடலில் செங்கல் அடுக்கிப் பானையை ஏற்றிவிட்டால் பொங்கல் விழாவுக்கு எல்லாம் ஆயத்தம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கரும்பு கட்டியாயிற்று, தோரணம் தொங்கவிட்டாயிற்று, கோலப் போட்டிக்கு வண்ணமாவும் வந்தாயிற்று. அடுப்பைச் சுற்றி என்ன வைப்பது என்னும் கேள்வி மட்டும் விழா நாள் காலையில், காற்று வீசத் தொடங்கிய பிறகுதான் எழுகின்றது. உடனே பள்ளியின் பின்புறம் கிடக்கும் பழைய கூரைத் தகரம் ஒன்றைத் தூக்கிவந்து சாய்த்துவைக்கிறோம். அந்தத் தகரத்தைப் பற்றித்தான் ஆசிரியர்களிடமும் பெற்றோர்களிடமும் சில சொற்கள் சொல்ல விரும்புகின்றேன்.

2016-ஆம் ஆண்டு, நான் அப்போது பணியாற்றிய பள்ளியில் அப்படித்தான் சாய்த்துவைத்தோம். பால் பொங்கும் தறுவாயில் காற்று ஒருமுறை வேகமாக அடித்தது. தகரம் சரிந்தது. அருகில் நின்ற மூன்றாம் ஆண்டு மாணவி, பானை கவிழ்ந்துவிடுமே என்று அதனைக் கையால் தாங்கிப் பிடித்துவிட்டாள். பானை தப்பியது; பிள்ளையின் உள்ளங்கை வெந்துபோனது. நான் தண்ணீரைத் தேடி ஓடுவதற்குள் யாரோ அதன்மேல் பற்பசையைத் தடவிவிட்டார்கள். (தீப்புண்ணுக்குப் பற்பசையும் வேண்டா, பனிக்கட்டியும் வேண்டா. குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். இதனைச் சொல்லாமல் மேலே போக என் மனம் இடம் தரவில்லை.)

மறு ஆண்டு அப்பள்ளித் திடலில் அடுப்பே எரியவில்லை. சிற்றுண்டிச்சாலையில் சமைத்து முடித்த பொங்கலைப் பானையில் நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள். அதனைச் சுற்றி நின்று பிள்ளைகள் "பொங்கலோ பொங்கல்!" என்று கூவினார்கள். பானையோ பேசாமல் இருந்தது. முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன், "எப்ப டீச்சர் பொங்கும்?" என்று என்னைக் கேட்டான். என்ன மறுமொழி சொல்வது?

அந்த முடிவை எடுத்தவர்களை நான் குறைகூற மாட்டேன். பிள்ளையின் கையைவிட எந்த மரபும் பெரிதன்று. ஆனால், அன்று பிழை செய்தது தீ அன்று. நாம் தேர்ந்தெடுத்த தடுப்பு. அதனை மாற்றியிருக்க வேண்டும். நாம் அடுப்பை அல்லவா எடுத்துவிட்டோம்!

தகரத்தில் என்ன குறை? முதற்குறை, அது பார்வையை மறைப்பது. மூன்று பக்கமும் தகரத்தால் மறைத்துவிட்டால் பிள்ளைகள் எங்கே போய் நிற்பார்கள்? பானை தெரிகின்ற ஒரே பக்கமான அடுப்புவாய்க்கு எதிரில்தான். விறகு வெடித்துப் பொறி தெறிப்பதும், தணல் வெளியே உருள்வதும் அந்தப் பக்கத்தில்தான். பாதுகாப்புக்காக வைத்த தடுப்பே பிள்ளைகளைத் தீயின் வாய்க்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகின்றது. பின்னால் நிற்பவர்களோ தகரத்தின்மேல் எக்கிப் பார்ப்பார்கள். பால் நுரைத்து எழும் அந்த நொடியில் எல்லாரும் ஒருசேர முன்னோக்கிச் சாய்வார்கள். நுரை வழிந்து தணலில் விழும்போது நீராவியும் சாம்பலும் குப்பென்று மேலே கிளம்புவதும் அதே நொடியில்தான். பொங்கல் அடுப்புக்குத் தடுப்பு வேண்டும் என்பதே அந்த ஒரு நொடிக்காகத்தான் என்பேன்.

அடுத்து, கூரைத் தகரத்தின் மேலுள்ள துத்தநாகப் பூச்சு 419 பாகை செல்சியசில் உருகிவிடும். விறகுத் தீயின் கொழுந்து அதைவிடச் சூடானது. தீ நேரே பட்டு மேலும் சூடேறினால் அப்பூச்சு வெண்புகையாகக் கிளம்பும். அதனை மூச்சில் இழுத்தால் குளிர்காய்ச்சல் வரும் என்பதை இரும்புப் பற்றவைப்புத் தொழிலாளர்கள் நன்கு அறிவார்கள். சாயம் பூசிய தகரமாக இருந்தால் அந்தப் புகை வேறு பானையில் படியும்.

காற்றை மறைப்பது ஒரு வேலை. பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துவது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே தகரத்திடம் ஒப்படைத்ததுதான் நம் தவறு.

காற்றுக்குச் செங்கல்லே போதும். அடுப்பின் பின்புறமும் இருபுறமும் பானையின் இடுப்பளவுக்கு அடுக்கி, தீ மூச்சுவிடச் சிறுசிறு இடைவெளி விட்டால் போதுமானது. நன்கு காய்ந்த சுட்ட செங்கல்லாக அது இருக்கட்டும். ஆற்றிலிருந்து எடுத்த கல்லையும் மழையில் நனைந்த சிமெண்டுக் கல்லையும் தொடாதீர்கள். உள்ளே ஊறிய நீர் ஆவியாகும்போது அவை வெடிக்கக்கூடும். சனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று மழையோடு வரும் என்பதால், கற்களை முதல்நாளே கூரையின்கீழ் எடுத்துவைப்பது நல்லது.

பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தக் கம்பிவலையே சிறந்தது. அதற்கு அப்பாலும் பானை தெரியும். ஆகவே எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றுதான், முண்டியடிக்கத் தேவையில்லை. ஆனால், எல்லாக் கம்பிவலையும் உதவாது. வேலிக்குப் போடும் பி.ஆர்.சி. வலையின் கண் பெரியது; பொறியும் வெளியே வரும், பிள்ளையின் கையும் உள்ளே போகும். கோழிக்கூண்டு வலை, ஒரு பிள்ளை சாய்ந்தாலே வளைந்துவிடும். பச்சை நிறப் பிளாஸ்டிக் பூசிய வலை சூட்டில் இளகிவிடும். பிள்ளையின் விரல் நுழையாத கண்ணுள்ள, பூச்சில்லாத இரும்புவலையை இரும்புச் சட்டத்தில் இறுகப் பொருத்தி, அடுப்பிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நிறுத்த வேண்டும். சட்டத்தின் கால்கள் அகன்றிருக்க வேண்டும். மண்ணில் முளையடித்துக் கட்டிவிட்டால் இன்னும் நல்லது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகையை வைக்கலாமே என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். பார்வைக்கு அழகுதான். நூறு பாகையை நெருங்கும்போதே அது வளையத் தொடங்கிவிடும். குளிர்நாடுகளில் முற்றத்துக் கணப்புகளுக்குக் கண்ணாடிக் கதவு போடுகிறார்கள் என்றால், அது வெப்பம் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட கண்ணாடி.

விறகு தள்ளும் ஆசிரியருக்கு ஒரு கதவு வேண்டும். அது வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும்; உள்ளே திறந்தால் தீயின்மேல் போய் மோதும். தாழ்ப்பாளைக் கதவின் மேல்மூலையில், பெரியவர்களின் கைக்கு மட்டும் எட்டும்படி வைக்க வேண்டும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில் கதவு அமைந்தால் புகையும் பொறியும் ஆசிரியரின் முகத்தில் அடிக்கா.

எரிவாயு அடுப்புக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்பார்கள். அங்கும் காற்று வீசத்தான் செய்யும். தகரம் வரத்தான் செய்யும். அடுப்பையும் தோம்பையும் ஒரே தகரத்துக்குள் மறைத்துவைத்திருப்பதைக் கண்டு நான் பதறியிருக்கின்றேன். தடுப்புக்குள் தேங்கும் வெப்பம் தோம்பையும் குழாயையும் சூடேற்றும். அது விறகைவிடக் கொடியது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். விழாவுக்குப் பிள்ளைகள் உடுத்திவரும் பளபளப்பான பாவாடையும் ஜிப்பாவும் பெரும்பாலும் பாலியஸ்டர். தீப்பட்டால் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியும், ஆனால் உருகி ஒட்டாது. பானைக்கு அருகில் நிற்கப் போகும் பிள்ளைக்காவது அன்று பருத்தி உடுத்தி அனுப்புங்கள். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துவிடுங்கள்.

இப்போது நான் பணியாற்றும் பள்ளியில், பற்றவைப்புத் தொழில் செய்யும் தந்தை ஒருவர் நான்கு சட்டங்கள் கொண்ட தடுப்பு ஒன்றைச் செய்துகொடுத்திருக்கிறார். மடித்தால் கிடங்கின் சுவரோரம் நின்றுவிடும். சென்ற முறை எடுத்துப் பார்த்தபோது கீழ்ச்சட்டத்தில் துரு ஏறியிருந்தது; கதவின் கீல் ஒன்று இறுகிப்போயிருந்தது. எண்ணெய் விட்டு வைத்திருக்கின்றேன். மார்கழி பிறந்ததும் மறுபடியும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.